காபிப்பொடி நிறம்

ஆறு உண்டு தண்ணீர் இல்லை,
கோட்டை உண்டு ராஜா இல்லை
என்று எங்கள் ஊரைக் கிண்டலடிப்பார்கள்.
நான் வாங்கிய காரில்
கார்புரேட்டர் இல்லை.

மோரிஸ் எய்ட். முப்பத்தாறாம் வருஷம்.
பேரணாம்பட்டில் மூடிப்போன தோல் மண்டியின் பின்கட்டில்
ஆவாரம்பட்டை மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே
எண்பது வருஷமாக
(நாற்பத்தொன்று, திருத்தினார் ஹபீபுன்னிசா)
இரண்டாம் கியரில் நின்றுகொண்டிருந்தது.
"எடுத்துட்டுப் போங்கம்மா, பாம்பு அடையுது."
விலையையும் அவரே குறைத்தார், நான் கேட்கவில்லை.
முதல் பாடம் என்று நோட்டில் எழுதினேன்:
கேட்காமல் குறைந்தால் பானெட்டைத் திற.
அடுத்த பாடத்துக்கு நம்பர் போடவில்லை,
அதற்குள் கை முழுக்க கிரீஸ்.

பகலில் ஆஸ்பத்திரி லேபில் ரத்தத் தகடு பார்ப்பவள்.
வெள்ளையணுக்களை இருநூறு வரை தவறாமல் எண்ணுவேன்.
ராத்திரி, காகிதப்பட்டறை வீட்டு ஷெட்டில்
ஸ்பார்க் பிளக்கின் கரியைப் பார்த்து
வியாதி சொல்லப் பழகுகிறேன்.
ஈரக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்.
வெளுத்திருந்தால் பட்டினி.
காபிப்பொடி நிறம்தான் ஆரோக்கியம் என்கிறார்கள்.
நான் இன்னும் பார்த்ததில்லை.

சேஸிஸ் நம்பரில் ஓர் இலக்கம் மூன்றா, எட்டா?
டார்ச் அடித்தேன், மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன்.
கடைசியில் ரத்தினகிரி விபூதியைப் பிரித்து
கல்வெட்டுக்குச் சுண்ணம் தேய்ப்பதுபோலத் தேய்த்தேன்.
எட்டு.
ஆர்.டி.ஓ. ஆபீஸ் கம்ப்யூட்டர்
ஐம்பதுக்குக் கீழே இறங்க மறுத்தது.
"உங்க வண்டி இதுல இன்னும் பொறக்கல மேடம்"
என்றார் கிளார்க், ஸ்டேப்ளரைத் தேடியபடி.

வாட்டர் பம்ப்பைக் காணவில்லை.
யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள் என்று
ஹபீபுன்னிசாவுக்குப் போன் போட்டுச் சண்டைபிடித்தேன்.
பிறகு படித்தேன்: இதற்குப் பம்ப்பே கிடையாது.
கொதித்த நீர் தானே மேலேறும்,
ஆறிய நீர் தானே கீழிறங்கும், அவ்வளவுதான்.
வெட்கத்தோடு இன்னொரு போன்.
அவர் சிரித்தார்:
"அப்ப சித்திரை வைகாசில வெளிய எடுக்காதீங்க."

பின் தகட்டில் நான்கு ஓட்டைகள்.
துருதான் என்று பட்டறைக்கு அனுப்பிவிட்டேன்.
ஆனால் துருவுக்கு ஸ்கேல் வைக்கத் தெரியாது;
போட்டோவில் அளந்தால் நான்கும் ஒரே இடைவெளி.
மூன்று வாரம் பழைய விளம்பரங்களைத் தோண்டினேன்.
யுத்தத்தின்போது பெட்ரோல் கூப்பனுக்குப் போனதும்
கார்களின் முதுகில் கரியடுப்பு மாட்டி
அதன் வாயுவில் ஓட்டியிருக்கிறார்கள்.
இதுவும் ஜவ்வாது மலைக் கரியைத் தின்று
வாணியம்பாடி வரைக்கும் இருமியிருக்கலாம்.

அடைக்காதீங்க என்று சொல்ல
சத்துவாச்சாரிக்கு ஸ்கூட்டரை விரட்டினேன்.
கஜபதி முகமூடியைத் தூக்கினார்.
மூன்று ஓட்டைகள் போயே போய்விட்டன,
தடவினாலும் தெரியாத அழகான வேலை.
"ஒண்ணு பாக்கி இருக்குது" என்றார்.
அதில் விரல் விட்டேன்.
பக்கத்துத் தகட்டின் சூடு.

நேற்று ஞாயிறு.
கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்த கார்புரேட்டர் ஏறியது.
கைப்பிடியைக் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்கக் கூடாது,
எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போகும்.
அதுவும் படித்ததுதான்.
பதினேழாவது சுழற்றலில்
பதினோரு விநாடி ஓடியது.
எதிர்வீட்டு பாஸ்கோ லுங்கியோடு ஓடிவந்து
கேஸ் லீக்கா என்று கேட்டான்.

மூன்றாவது பிளக்கைக் கழற்றி
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
கறுப்பு.
ஓர் ஓரத்தில் மட்டும் கடுகளவு வேறு நிறம்,
அழுக்காகவும் இருக்கலாம்.
காலை ஷிஃப்டில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க
கைக்குட்டையில் சுற்றி
டிபன் பைக்குள் போட்டேன்.